கரை மாறுவதற்கு முன்

"டீச்சர், விண்டோஸ் 10 முடிஞ்சிட்டாமே. 11 போடலாமா?"

கடந்த சில மாதங்களாக இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. மாணவிகள் ஆய்வுகூட வாசலில் நின்று கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமார், பிள்ளையின் புள்ளியைக் கேட்டு முடித்த பிறகு, "புதுசா லப்டொப் வாங்கணுமாம், உண்மையா?" என்று கவலையோடு கேட்கிறார்கள். செய்தி உண்மைதான். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. கணினி திடீரென்று நின்றுவிடாது. ஆனால் அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் இனி வரமாட்டா.

கேட்பவர்களிடம் நான் உடனே "போடுங்கள்" என்றும் சொல்வதில்லை, "வேண்டாம்" என்றும் சொல்வதில்லை. ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: "அந்தக் கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில், என் கையால் செய்த ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

நான் ஆசிரியையான புதிது. காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவேன். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும் முன்னர் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் ஆட்களும் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் கரை மாறின. அந்தக் காலத்தை என் வாப்பா அடிக்கடி சொல்வார். பாதையில் ஏறுமுன் எல்லோரும் தங்கள் சாமான்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாம். அக்கரையில் இறங்கிய பிறகு "ஐயோ, அதை விட்டிட்டு வந்திட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை. பாதை திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரேயொரு கணினி. அதில் விண்டோஸ் 7 இருந்தது. 2020 ஜனவரி 14உடன் அதற்கு ஆதரவு முடிகிறது என்று வாசித்திருந்தேன். 2019ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. தகவல் தொழினுட்பம் படித்துவிட்டு வந்த இளம் ஆசிரியை அல்லவா? "நான் புதுசாக்கித் தாறன்" என்று முன்வந்தேன். தட்டச்சுக்கூட மெதுவாக ஓடிய கணினி அது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால் வேகமாக ஓடும் என்று நினைத்தேன். வேலைக்குரிய கோப்புகள் எல்லாம் 'டி' பகுதியில் இருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். நானும் நம்பினேன். 'சி' பகுதியை அழித்துவிட்டு விண்டோஸ் 10ஐ நிறுவினேன். மாலை பாடசாலை விடும்போது கணினி பளபளவென்று எழும்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை, ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு மட்டுமே மீதமிருந்த தமிழ் ஆசிரியர் ஒருவர் அந்தக் கணினியின் முன் அமர்ந்தார். சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், முன்னுக்கு ஒரு மஞ்சள் பெட்டி இருந்துதே, அது எங்க?"

அந்த மஞ்சள் பெட்டி, திரையின் முகப்பில், அதாவது டெஸ்க்டொப்பில், இருந்த ஒரு கோப்புறை. மூன்று ஆண்டுகளாக அவர் படுவான்கரைக் கிராமங்களில் வயதானவர்களிடம் கேட்டு எழுதிய வசந்தன் பாட்டுகளும் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதற்குள் இருந்தன. கையால் எழுதிய கொப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து முடித்தபின், கரையான் அரித்த கொப்பிகளை அவர் எறிந்துவிட்டார். பாட்டுச் சொன்னவர்களில் சிலர் அப்போதே உயிரோடு இல்லை.

டெஸ்க்டொப் என்பது தனியான இடம் அல்ல. அது 'சி' பகுதிக்குள்ளேதான் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த மாலையில் அதைப் பற்றி நினைக்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. வெறும் ஐந்து நிமிடம், ஆசிரியர் அறையில் இருந்தவர்களிடம் "இதில உங்கட சாமான் ஏதும் கிடக்கா?" என்று கேட்டிருந்தால் போதும்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பரவால்ல டீச்சர். மறுகா ஒருக்காப் போய்க் கேட்பம்" என்றார். அதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது. போய்க் கேட்க ஆளில்லாத பாட்டுகளும் அவற்றுள் இருந்தன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு அவருடைய மகளின் மின்னஞ்சலில் ஓராண்டுக்கு முந்தைய பிரதி ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய பாதி மீண்டது. அதைத் திறந்தபோது இன்னோர் அதிர்ச்சி. பாட்டுகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். நான் துடைத்த கணினியோடு அந்த எழுத்துருவும் போய்விட்டது. பாமினியை மீண்டும் நிறுவியதும் தமிழ் திரும்பி வந்தது. அன்றே உட்கார்ந்து அந்தப் பாட்டுகளையெல்லாம் யூனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினேன். பிழைக்கு நான் செய்த சிறு பரிகாரம் அது. மற்றப் பாதி வரவே இல்லை.

தொடாமல் விட்டால் என்ன?

இதைக் கேட்டதும் சில பெற்றோர், "அப்ப ஓடுற கொம்பியூட்டரை ஏன் தொடணும்? அப்படியே கிடக்கட்டும்" என்பார்கள். அதுவும் சரியல்ல.

2017 மே 12ஆம் திகதி 'வன்னாகிரை' என்ற கப்பம் கேட்கும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொடுத்த நேரங்கள் கூட இரத்தாகின. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸில் ஓடிய கணினிகளுமே அகப்பட்டன.

தூர தேசத்துக்குப் போகத் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் நமது நாட்டின் அரச மேகக் கணினி வலையமைப்பு இதேபோன்ற கப்பத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடியது 2013ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருள். அதைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும், நிதிக் குறைவாலும் முடிவெடுக்கும் தாமதத்தாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பானவர்களே பின்னர் கூறினார்கள். பழையதிலேயே இருந்தது ஒரு குறை, பிரதி எடுக்காதது இன்னொரு குறை. இரண்டும் சேர்ந்தபோது ஒரு நாட்டின் கடிதங்கள் காணாமற் போயின.

சரி, வந்தவுடனே புதியதைப் போட்டுவிட்டால் பாதுகாப்பா? அதற்கும் ஒரு பாடம் உண்டு. 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பொன்றை வெளியிட்டது. ஆர்வத்தோடு முதல் நாட்களிலேயே அதைப் போட்டவர்களில் சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. நான்கே நாட்களில் நிறுவனம் அதை நிறுத்திவைத்தது. திருத்திய பதிப்பு நவம்பரில்தான் வந்தது. அந்தச் சிலர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் தூங்கினார்கள்; வைக்காதவர்கள் அழுதார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: பணிசெயல் முறைமையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். இந்த ஒழுங்கு மாறவே கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

பதறாத காரியம் சிதறாது

முதல் வேலைக்குக் கணினியே தேவையில்லை. ஒரு தாளும் பேனையும் போதும். வீட்டில் அந்தக் கணினியைத் தொடுகிற எல்லோரையும் கூட்டி, அவரவர் சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். டெஸ்க்டொப், டொகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள், உம்மாவின் தையல் வடிவங்கள், காக்காவின் பல்கலைக்கழக ஆய்வு, வாப்பாவின் கடைக் கணக்கு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இருந்தால் அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது, பட்டியலில் உள்ளதை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ. மற்றொன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டுக் கணினியிலோ. ஒரே கணினியின் 'சி'யிலிருந்து 'டி'க்கு மாற்றுவதைப் பிரதி என்று எண்ணாதீர்கள். ஹார்ட் டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். பிரதி எடுத்த பின் இன்னொரு கணினியில் அதைச் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

மூன்றாவது, கடவுச்சொற்கள். மைக்ரோசொப்ட் கணக்கின் கடவுச்சொல் தெரியுமா என்று பாருங்கள். பல புதிய மடிக்கணினிகளில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பெரிய மாற்றங்களுக்குப் பிறகு அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தேடி எடுத்துத் தாளில் எழுதி அலுமாரியில் வையுங்கள்.

நான்காவது, உங்கள் கணினி புதியதைத் தாங்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும். இவை பெரும்பாலான வீடுகளில் இருக்கும். 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்பதில்தான் பழைய கணினிகள் தோற்கின்றன. மைக்ரோசொப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'பீசி ஹெல்த் செக்' என்ற சிறு மென்பொருள் இதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். சில கணினிகளில் அந்தச் சில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே "இல்லை" என்று வந்தவுடன் மனம் உடையாதீர்கள், தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாவது, நாளைத் தெரிவு செய்யுங்கள். பரீட்சைக்கு முந்திய வாரமும், செயற்றிட்டம் ஒப்படைக்கும் முந்திய இரவும் இதற்குரிய நேரமல்ல. மாரி மழை அடிக்கும் நாளும் வேண்டாம். பாதி வழியில் கரண்ட் போனால் கணினி எழும்பாமலே போகலாம். மடிக்கணினி என்றால் பற்றரி நிரம்பிய பின்னும் மின்னிணைப்பைக் கழற்றாதீர்கள். சில ஜிபி பதிவிறக்கம் ஆகும். டேட்டா மீதியைப் பாருங்கள். "இலவச அக்டிவேட்டர்" என்று யாரோ அனுப்பும் கோப்பைத் தொடாதீர்கள். உண்மையான விண்டோஸ் 10 உள்ள, தகுதியான கணினிக்கு 11ஆம் பதிப்பு இலவசமாகவே வருகிறது. அமைப்புகளில் உள்ள புதுப்பித்தல் பகுதியால் எடுப்பதே பாதுகாப்பு.

அங்கே கோப்புகளை வைத்துக்கொண்டே மேம்படுத்துவது ஒரு முறை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது இன்னொரு முறை. கொக்கட்டிச்சோலையில் நான் செய்தது இரண்டாவது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலாவதோடு நில்லுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்த பின்பே அழுத்துங்கள்.

முடிந்த பிறகு, அச்சு இயந்திரம் வேலை செய்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்று அன்றே சோதியுங்கள். பிடிக்காவிட்டால் வழமையாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அந்தப் பத்து நாட்களும் பிரதி எடுத்த பென் டிரைவை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

முதலாவது பணத்தைப் பற்றியது. "11 ஏறாது" என்று கேட்ட மறுநாளே கடன் பட்டுப் புதிய லப்டொப் வாங்க ஓடாதீர்கள். பதிந்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை விண்டோஸ் 10இன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தர மைக்ரோசொப்ட் ஏற்பாடு செய்திருக்கிறது. அது மூச்சு விட ஓர் அவகாசம். அதன் பிறகும் கணினி நல்ல நிலையில் இருந்தால் உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவசப் பணிசெயல் முறைமைகள் இருக்கின்றன. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். தமிழ் யூனிகோட்டில் தெரியும், லிப்ரே ஒபிஸில் பாடக் குறிப்பு எழுதலாம், இணையத்தில் தேடலாம். பிள்ளையின் படிப்புக்கு அது போதும். பிள்ளை ஒரு குறிப்பிட்ட மென்பொருளைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமா என்பதை மட்டும் முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, பிள்ளையைப் பற்றியது. நம் வீடுகளில் கணினி பழுதானால் காக்காவிடம் கொடுப்போம். அவரால் முடியாவிட்டால் கடையில் கொடுப்போம். கடை வைத்திருப்போரில் பெரும்பாலானோர் நேர்மையாக உழைப்பவர்கள். ஆனாலும் யோசியுங்கள்: அந்தப் பெட்டிக்குள் உங்கள் மகளின் படங்கள் இருக்கின்றன, கல்யாண வீட்டுப் படங்கள் இருக்கின்றன, அடையாள அட்டைப் பிரதியும் வங்கி விபரமும் இருக்கின்றன. வீட்டு அலுமாரிச் சாவியை இப்படி யாரிடமும் கொடுப்போமா? கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், முதலில் பிரதி எடுத்து, அந்தரங்கமானவற்றை அகற்றிவிட்டுக் கொடுங்கள். அதைவிட நல்லது, உங்கள் மகளே இதைக் கற்றுக்கொள்வது. "உனக்கு இதெல்லாம் விளங்காது, கையை வைக்காதே" என்று சொல்லாதீர்கள். பட்டியல் எழுதவும், பிரதி எடுக்கவும், திரையை வாசித்துப் பொறுமையாக அழுத்தவும் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது கைகூடும். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். அந்த மாலையில் நீங்களும் கொஞ்சம் கற்றுக்கொள்வீர்கள்.

மாணவிகளே, உங்களுக்குத் தெரிந்த இந்தக் கைவேலையை ஊரில் மற்றவர்களுக்கும் செய்துகொடுக்க ஒருநாள் நீங்கள் முன்வருவீர்கள். நானும் அப்படித்தான் முன்வந்தேன். அப்போது உங்கள் திறமையை விட, அவர்களிடம் நீங்கள் கேட்கும் அந்த முதல் கேள்விதான் முக்கியம். கணினி யாருடையதோ, அதற்குள் இருப்பதற்கு என்ன பெறுமதி என்று அவருக்குத்தான் தெரியும்.

அந்தத் தமிழ் ஆசிரியர் இப்போது ஓய்வில் இருக்கிறார். சென்ற விடுமுறையில் பாலத்தைக் கடந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். விறாந்தையில் மடிக்கணினியோடு இருந்தார். விண்டோஸ் 11க்கு மாறிவிட்டாராம்; பேத்திதான் மாற்றிக் கொடுத்தாளாம். மீண்ட பாதிப் பாட்டுகளோடு புதிதாகக் கேட்டு எழுதியவையும் இப்போது சேர்ந்திருக்கின்றன. "பிரதி எடுத்தீங்களா சேர்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சேர்ட் பொக்கெற்றிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். "இன்னொண்டு மகள்ட வீட்ட கிடக்கு" என்றார்.

நான் அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த பேத்தியின் கணினியில் செருகித் திறந்து பார்த்தேன். பாட்டுகள் எல்லாம் இருந்தன.